மவுஸில் விளக்கு எரிகிறது, அம்புக்குறி மட்டும் நகரவில்லை

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேனுங்க. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டும் டச்பேடும் நன்றாக வேலை செய்கின்றன. வெளியிலிருந்து எந்தக் கீபோர்டு, மவுஸைச் செருகினாலும் எடுப்பதில்லை. மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. ஒருத்தர் விண்டோஸை மாற்றிப் போடச் சொல்கிறார், இன்னொருத்தர் மதர்போர்டு போச்சு என்கிறார். என்ன செய்யட்டுமுங்க?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். லேப்டாப்பை ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, செல்போன் டார்ச்சை அடித்து யுஎஸ்பி போர்ட்டுக்குள், அதாவது மவுஸைச் செருகும் துளைக்குள் பாருங்கள். பனியன் கம்பெனி, தறிக்கூடத்து லேப்டாப் என்றால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். நிட்டிங், கட்டிங் பக்கம் பறக்கும் பஞ்சு உள்ளே போய்ச் சேரும். பிளக்கைச் செருகும் ஒவ்வொரு தடவையும் அது பின்னுக்குத் தள்ளப்பட்டு இறுகும். பல்லடத்திலிருந்து வந்த ஒரு லேப்டாப்பில் நான் எடுத்த பஞ்சு, விளக்குத் திரியை நறுக்கி அடைத்தாற்போல் கெட்டியாக, சாம்பல் நிறத்தில் இருந்தது.

விளக்கு எரிவதை வைத்து போர்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. மவுஸின் பிளக்கைத் திருப்பிப் பாருங்கள், உள்ளே நான்கு தகடுகள் தெரியும். ஓரத்து இரண்டும் கரண்டுக்கு, நடு இரண்டும் தகவலுக்கு. கரண்ட் முதலில் சேரட்டும் என்றே ஓரத் தகடுகளைச் சற்று நீளமாக வைத்திருக்கிறார்கள். பஞ்சு தடுத்து பிளக் முழுசாக உள்ளே போகாவிட்டால், நீளமானவை தொட்டுவிடும், குட்டையானவை தொடாது. விளக்கு எரியும், அம்பு நகராது.

பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊக்கு, குண்டூசி கூடவே கூடாது. வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போய்விடும்.

சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால், அந்த மவுஸை வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிட்டு, உங்கள் லேப்டாப்பின் கேமராவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் கேமராவும் உள்ளுக்குள் யுஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கிறது. படம் வந்தால் மதர்போர்டின் யுஎஸ்பி பகுதி அடியோடு போய்விடவில்லை. சொந்தக் கீபோர்டு வேலை செய்வது இதற்குச் சான்றாகாது, அது பெரும்பாலும் வேறு வழியில் இணைந்திருக்கும்.

அடுத்து பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரைக்குள் போங்கள். ஆன் செய்தவுடன் எஃப்2, சில மாடல்களில் எஃப்10. அங்கே வெளிக் கீபோர்டின் அம்புப் பட்டன்கள் வேலை செய்தால், போர்ட்டும் கீபோர்டும் நல்லபடியாக இருக்கின்றன, கோளாறு விண்டோஸில். அப்போது டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸில் கருவிகளின் பட்டியல் இருக்கும் இடம்) யுஎஸ்பி ரூட் ஹப் என்று இருப்பவற்றை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் தானாகத் திரும்பப் போட்டுக்கொள்ளும். ஷட்டவுன் செய்து ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விண்டோஸ் வசதி ஆனில் இருந்தால் விண்டோஸின் பழைய நிலை அப்படியே திரும்பி வரும்.

பயாஸிலும் எடுக்கவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் ஒன்று கேளுங்கள்: "இந்தப் பக்கத்து போர்ட் தனிச் சின்ன போர்டில் இருக்குதுங்களா?" பல மாடல்களில் ஒரு பக்கத்து யுஎஸ்பி, ரிப்பன் கேபிளில் இணைந்த தனிப் பலகையில்தான் இருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும், மதர்போர்டு விலை ஆகாது.

வேலை சரியானதும் ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் சின்ன யுஎஸ்பி ஹப் ஒன்று வாங்கிச் செருகி, அப்படியே விட்டுவிடுங்கள். கீபோர்டு, மவுஸை ஹப்பில் மாட்டிக்கொள்ளலாம். பஞ்சு அடைத்தாலும் ஹப்போடு போகும்.