முழங்கால் மூட்டு மாற்றியாச்சு, வலிக்கு என்ன வழி? பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

முதுகில் ஊசி போட்டுத்தானே அம்மாவுக்கு ஆபரேஷன்? தொடையில் இன்னொன்று எதற்கு? (குடியாத்தம்)

முதுகு ஊசி சில மணி நேரத்தில் விட்டுவிடும். நிஜ வலி அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். அதனால் ஸ்கேனில் பார்த்தபடி, நரம்பை ஒட்டி மரப்பு மருந்து போடுகிறார்கள். முன்பெல்லாம் கவட்டைப் பக்கம் போடுவதுதான் வழக்கம். வலி நன்றாக அடங்கும். ஆனால் முன்தொடைத் தசையும் சேர்ந்து தூங்கிவிடும், எழுந்து நின்றால் முட்டி மடங்கி ஆள் விழலாம். நடுத்தொடையில் போடும் 'அடக்டர் கெனால் பிளாக்' என்ற நரம்பு மரப்பு ஊசியில் தசை பலம் பெரும்பாலும் தங்கும், அதனால் என் வேலை சுலபம்! முட்டியின் பின்குழி வலி அதற்கு அடங்காது, அங்கே ஐபேக் என்று தனி ஊசி உண்டு. எது போட்டாலும் துணை இல்லாமல், வாக்கர் இல்லாமல் அம்மா எழக்கூடாது. பாத்ரூமுக்குக்கூட.

அப்பா அன்று சாயங்காலம் சிரித்துப் பேசினார். மறுநாள் விடியற்காலையில் கதறிவிட்டார். ஆபரேஷனில் தப்பா? (ராணிப்பேட்டை)

பெரும்பாலும் தப்பில்லை சார், ஊசி விட்டுப்போயிருக்கும். ஒருமுறை போடும் பிளாக் ஏறக்குறைய 12 முதல் 24 மணி நேரம்தான். "வலிக்கவே இல்லை, மாத்திரை எதுக்கு?" என்று ஒதுக்கி வைப்பவர்கள்தான் ராத்திரியில் மாட்டிக்கொள்வார்கள். மரப்பு இருக்கும்போதே, எழுதிக்கொடுத்த நேரத்துக்கு மாத்திரை உள்ளே போக வேண்டும். அந்த வலியில்லாத நேரத்தில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், தொடையை இறுக்கி விடச் சொல்லுங்கள். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

சர்க்கரை இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறேன். இந்த ஊசிக்கு முன் என்ன செய்ய வேண்டும்? (ஆற்காடு)

இரண்டையும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பாதம் ஏற்கெனவே மரத்திருந்தால் அதையும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முட்டிக்கடியில் தலையணை வைத்தால் பாட்டிக்குச் சுகமாக இருக்கிறது. வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கலாமா? (காட்பாடி)

சுகம்தான், ஆனால் முட்டி மடங்கியே பழகி, கால் நேராக வராது. குதிகாலுக்கு அடியில் வையுங்கள். ஒத்தடம் வேண்டவே வேண்டாம்: மரத்த காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். துணியில் சுற்றிய ஐஸ் போதும், அதையும் அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.

நரசிம்மர் கோயில் மலைக்கு எப்போது ஏறலாம்? (சோளிங்கர்)

1305 படியா! ரோப் கார் வந்துவிட்டதே அம்மா, நரசிம்மர் கோபித்துக்கொள்ள மாட்டார். முதலில் வீட்டுப் படி. ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முன்னால்.