மூட்டுவலி மாத்திரையும் ‘அட்ரீனல் சோர்வும்’

கேள்வி: எனக்கு வயது 43. ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஓராண்டாகத் தாங்க முடியாத களைப்பு. காலையில் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாக இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு மேல் வகுப்பில் நிற்க முடிவதில்லை. முகம் உப்பியிருக்கிறது, வயிற்றுப் பகுதியில் எடை கூடியிருக்கிறது. மாதவிலக்கு முன்பின்னாகவும் அதிகப் போக்குடனும் வருகிறது. இணையத்தில் விளம்பரம் பார்த்து உமிழ்நீர்ப் பரிசோதனை செய்துகொண்டேன். ‘அட்ரீனல் சோர்வு, இரண்டாம் கட்டம், ஹார்மோன் சமநிலையின்மை’ என்று அறிக்கை வந்தது. அதிமதுரமும் அமுக்கராவும் சேர்ந்த கேப்சூலை மாதம் 4,800 ரூபாய் கொடுத்து மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன், பலன் தெரியவில்லை. இதைத் தொடரலாமா? வேறு ஹார்மோன் பரிசோதனை தேவையா? (முழங்கால் வலிக்காகப் பக்கத்து மருந்துக்கடையில் பொட்டலமாகத் தரும் சிறிய வெள்ளை மாத்திரையை இரண்டு ஆண்டுகளாக எடுத்துவருகிறேன். அதைச் சாப்பிடும் நாட்களில்தான் உடம்பு கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. நிறுத்தினால் நான்கு நாட்கள் எழுந்திருக்கவே முடிவதில்லை.)

பதில்: அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியிருப்பதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்தது அந்தப் பொட்டல மாத்திரைதான். அது என்னவென்று தெரியும்வரை அதைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

‘அட்ரீனல் சோர்வு’ என்ற நோய் மருத்துவத்தில் இல்லை. உங்கள் களைப்பு கற்பனை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். களைப்பு உண்மைதான், அதற்குக் காரணம் ஒன்று இருக்கவும் செய்கிறது. ஆனால் அறிக்கையில் எழுதியிருப்பது அந்தக் காரணம் அல்ல.

அட்ரீனல் சுரப்பிகள் இரண்டு. சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி கவிழ்த்தது போல உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடைதான். அவற்றின் வெளிப்பகுதி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ரத்த அழுத்தம் சரியாமல் இருப்பதற்கும், பட்டினியில் சர்க்கரை இறங்காமல் இருப்பதற்கும், காய்ச்சலையும் காயத்தையும் உடல் தாங்குவதற்கும் கார்ட்டிசால் வேண்டும். விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். எவ்வளவு சுரக்க வேண்டும் என்ற உத்தரவு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து ஏசிடிஎச் என்ற ஹார்மோன் வழியாக வருகிறது. ரத்தத்தில் கார்ட்டிசால் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திக்கொள்ளும். பின்னால் சொல்லப்போவதற்கு இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம்.

ஓயாத மனஅழுத்தத்தால் இந்தச் சுரப்பிகள் களைத்து வற்றிவிடும் என்பதே ‘அட்ரீனல் சோர்வு’க் கொள்கை. 1998-ல் அமெரிக்காவின் மாற்று மருத்துவ வட்டாரத்தில் ஜேம்ஸ் வில்சன் என்பவர் இந்தப் பெயரை வைத்தார். இதற்குச் சான்றாக ஹான்ஸ் செல்யே 1936-ல் வெளியிட்ட எலி ஆய்வுகளைப் பலர் காட்டுவார்கள். துன்புறுத்தப்பட்ட எலிகள் ஒரு கட்டத்தில் தாங்கும் சக்தியை இழந்தன என்று செல்யே எழுதியது உண்மை. ஆனால் அந்த எலிகளின் அட்ரீனல் சுரப்பிகள் வற்றவில்லை, பெருத்திருந்தன. அதை விளம்பரங்கள் சொல்வதில்லை. பிரேசிலைச் சேர்ந்த இரு மருத்துவர்கள் இந்தக் கொள்கை தொடர்பான 58 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று 2016-ல் வெளியிட்டார்கள். நாள்பட்ட களைப்புள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கார்ட்டிசாலில் ஒரே சீரான வேறுபாடு எதையும் அவர்களால் காண முடியவில்லை.

நீங்கள் செய்த உமிழ்நீர்ப் பரிசோதனை மோசடிக் கருவி அல்ல. இரவு நேர உமிழ்நீரில் கார்ட்டிசால் பார்ப்பது குஷிங் நோயைக் கண்டறிய, அதாவது கார்ட்டிசால் அளவுக்கு மீறியிருப்பதைக் கண்டறிய, நாங்களும் பயன்படுத்தும் முறைதான். ஆனால் நாளுக்கு நான்கு முறை உமிழ்நீர் எடுத்து, வளைகோடு வரைந்து, ‘இரண்டாம் கட்டம்’, ‘மூன்றாம் கட்டம்’ என்று முத்திரை குத்துவதற்கு எந்த மருத்துவ அடிப்படையும் கிடையாது. தூக்கம் தவறினாலே அந்தக் கோடு மாறும். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாலோ அடியோடு மாறிவிடும். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அந்த நிறுவனம் உங்களைக் கேட்டதா? கேட்டிருந்தால் மூன்று மாதங்களுக்கு முன்பே நீங்கள் ஒரு மருத்துவரிடம் போயிருப்பீர்கள்.

இனி அந்த வெள்ளை மாத்திரை. பெயர் தெரியாத பொட்டலம், சாப்பிட்ட நாளில் வலியும் களைப்பும் மாயமாகும், விட்டால் உடம்பு முறித்துப்போட்டது போல ஆகும், முகம் உப்பும், வயிறு பெருக்கும். இந்த ஐந்தையும் ஒன்றாகக் கேட்டால் என்னைப் போன்ற மருத்துவர்களுக்கு முதலில் தோன்றுவது ஸ்டீராய்டுதான். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகியவை எல்லாமே கார்ட்டிசாலின் செயற்கை உறவுகள். உயிர் காக்கும் மருந்துகள். ஆஸ்துமாவிலும் முடக்குவாதத்திலும் நானே எத்தனையோ பேருக்கு எழுதித் தந்திருக்கிறேன். மருத்துவச் சீட்டு இல்லாமல், பெயர் சொல்லாமல், வலி மாத்திரையோடு கலந்து கொடுப்பதுதான் கொடுமை. வலி உடனே அடங்குவதால் ‘கைராசியான கடை’ என்று அதற்கு நல்ல பெயரும் கிடைத்துவிடுகிறது. மூட்டுவலிக்கு ‘பக்கவிளைவே இல்லாத மூலிகை’ என்று விற்கும் சூரணங்களிலும் இதே கலப்படம் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

டெக்ஸாமெத்தசோன் அரை மில்லிகிராம் மாத்திரை மிகச் சிறியது. அதன் வீரியமோ உங்கள் உடல் ஒரு நாள் முழுவதும் சுரக்கும் கார்ட்டிசாலில் பெரும்பகுதிக்கு ஈடு. இரண்டு மாத்திரை போட்டால் ஒரு நாள் தேவையையே மிஞ்சிவிடும். ரத்தத்தில் போதுமான அளவு இருப்பதாகக் கருதி பிட்யூட்டரி உத்தரவை நிறுத்துகிறது. உத்தரவு வராத அட்ரீனல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சும்மா கிடந்து சுருங்குகிறது. மாத்திரையை நிறுத்திய மறுநாளே அது விழித்துக்கொள்ளாது; சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். இடைப்பட்ட காலத்தில் வெளியிலிருந்தும் கார்ட்டிசால் இல்லை, உள்ளிருந்தும் இல்லை. நீங்கள் சொல்லும் அந்த ‘எழுந்திருக்கவே முடியாத நான்கு நாட்கள்’ இதுவாக இருக்கலாம். சுரப்பி உழைத்துக் களைக்கவில்லை அம்மா, வேலையே தரப்படாமல் முடங்கிக் கிடக்கிறது. இதற்கு மருத்துவத்தில் ‘அட்ரீனல் பற்றாக்குறை’ என்ற பெயர் உண்டு, சிகிச்சை உண்டு, ஆபத்தும் உண்டு. அந்த நிலையில் கடும் காய்ச்சலோ, வாந்தி பேதியோ, அறுவைச் சிகிச்சையோ வந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே உலையாகும்.

நீங்கள் வாங்கும் கேப்சூலில் இருக்கும் அதிமதுரம் இந்தக் கதையில் ஊமைச் சாட்சி அல்ல. தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது நம் வீட்டுப் பழக்கம், அதில் குறையில்லை. நாள்தோறும் மாதக்கணக்கில் செறிவாகச் சாப்பிட்டால், அதிலுள்ள கிளைசிரைசின் என்ற பொருள் கார்ட்டிசால் சிதைவதைத் தடுக்கும். உப்பும் நீரும் உடலில் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கினால் தசைகள் வலுவிழக்கும். மதியம் வகுப்பில் நிற்கக் கால்கள் மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டோடு சேர்ந்தால் அதன் வீரியத்தையும் இது கூட்டும். அமுக்கரா தைராய்டு அளவுகளை மாற்றக்கூடியது, அரிதாகக் கல்லீரலையும் தாக்கியிருக்கிறது. அமெரிக்காவில் ‘அட்ரீனலுக்கு ஆதரவு’ என்று விற்கப்பட்ட 12 தயாரிப்புகளைச் சோதித்து 2018-ல் வெளியான ஆய்வில், பன்னிரண்டிலும் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் இருந்தது. பெரும்பாலானவற்றில் ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது. சீசாவின் மேல் எதையும் எழுதியிருக்கவில்லை. 4,800 ரூபாயை நீங்கள் இனிமேலும் கொடுக்க வேண்டாம்.

அட்ரீனல் உண்மையாகவே பழுதாகும் நோயும் இருக்கிறது. லண்டன் கய்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் 1855-ல் அதை விவரித்தார். அமெரிக்க அதிபர் கென்னடிக்கு இருந்தது அதுதான். மேற்கு நாடுகளில் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் பெரும்பாலும் வருகிறது. நம் நாட்டில் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். அவர்களுக்கு எடை கூடாது, குறையும். உப்புக்கு நாக்கு ஏங்கும், ஊறுகாயைத் தேடித் தேடிச் சாப்பிடுவார்கள். எழுந்து நின்றால் கண் இருட்டும். வாந்தியும் வயிற்றுவலியும் வரும். தோல் கறுக்கும். நம் நிறத்தில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். ‘வெயிலில் அலைந்து கறுத்துவிட்டாள்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். உள்ளங்கை ரேகைகள், ஈறுகள், பழைய தழும்புகள் ஆகிய வெயில் படாத இடங்களும் கறுத்திருந்தால் அது வெயில் வேலை அல்ல. ஓராண்டுக்கு முந்தைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். (கழுத்தின் பின்புறம் மட்டும் வெல்வெட் போலத் தடித்துக் கறுப்பது வேறு, அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம்.) நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு அடிசன் நோய் இருக்கும் என்று தோன்றவில்லை.

‘ஹார்மோன் சமநிலையின்மை’ என்று யார் சொன்னாலும் ‘எந்த ஹார்மோன்?’ என்று கேளுங்கள். உடலில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஹார்மோன்கள் இருக்கின்றன. பெயர் சொல்ல முடியாத சமநிலையின்மைக்கு மருந்தும் இருக்க முடியாது. உங்கள் வயதில் மாதவிலக்கு முன்பின்னாவது பெரும்பாலும் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய இயல்பான மாற்றம். ஸ்டீராய்டும் சுழற்சியைக் குலைக்கும். என் கவலை போக்கின் அளவைப் பற்றியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், ரத்தக் கட்டிகள் விழுந்தால், மகளிர் மருத்துவர் ஒருவர் கருப்பையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். ஓராண்டு அப்படிப் போனால் உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு காலியாகிவிடும். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. களைப்பு என்று வருகிற பெண்ணிடம் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஆகவே விலை உயர்ந்த ‘முழு ஹார்மோன் பேக்கேஜ்’ எதுவும் வேண்டாம். முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), டிஎஸ்எச் (தைராய்டு), எச்பிஏ1சி (சர்க்கரையின் சராசரி), சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம்), கல்லீரல் பரிசோதனை, வைட்டமின் பி12 போதும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டியிருக்கலாம், அதனால் இரண்டையும் பாருங்கள். முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாட்கள் முன்பே நிறுத்துங்கள். அது தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டும். இரும்பு மாத்திரை எழுதித் தந்தால் அதை டீ, காபியோடு சாப்பிட வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவர்கள் எட்டு மணி நேரம் படுத்தாலும் களைத்தே எழுவார்கள். மனச்சோர்வும் இதே முகத்தோடு வரும். அழுகை வராவிட்டாலும், பிடித்த வேலையில்கூட மனம் ஒட்டவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கார்ட்டிசாலைப் பார்க்கத்தான் வேண்டும். உமிழ்நீரில் அல்ல, காலை எட்டு மணியளவில் எடுக்கும் ரத்தத்தில். முந்தைய நாள் மாத்திரையை எப்போது நிறுத்தி வைப்பது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். பிரெட்னிசோலோன் ரத்தத்தில் இருந்தால் கருவி அதையும் கார்ட்டிசால் என்றே எண்ணிவிடும். கருத்தடை மாத்திரை எடுத்தாலும் அளவு பொய்யாகக் கூடும். ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக் காலைக் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் சுரப்பி விழித்துக்கொண்டது என்று பொருள். 5-க்குக் கீழே என்றால் இன்னும் தூங்குகிறது. கார்ட்டிசாலுக்கு ஈடான மருந்தைத் தொடர வேண்டும். நடுவில் இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம், அல்லது ஏசிடிஎச் ஊசி போட்டு சுரப்பி பதில் சொல்கிறதா என்று சோதிப்போம். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது சில மாத வேலை. அந்த மாதங்களில் உடம்பு வலிக்கும், மனம் சலிக்கும். மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். முழங்காலுக்கு உடற்பயிற்சி உட்பட வேறு நல்ல வழிகள் உண்டு, எலும்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த வாரமே பொது மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் போதும். மருந்துக்கடைக்குப் போய் அந்த மாத்திரையின் அட்டையைக் கேளுங்கள். வாடிக்கையாளராக அது உங்கள் உரிமை. தர மறுத்தால் மிச்சமிருக்கும் மாத்திரைகளையே எடுத்துப் போங்கள். இரண்டில் விலை உயர்ந்த கேப்சூலை இன்றிரவே நிறுத்திவிடலாம். மலிவான வெள்ளை மாத்திரையை மட்டும் மருத்துவர் பார்க்கும்வரை, இப்போது எடுக்கும் அளவிலேயே, விடாமல் எடுங்கள்.

இடையில் வாந்தி நிற்காவிட்டாலோ, கடும் காய்ச்சலோடு தலைசுற்றினாலோ, நிற்க முடியாமல் சரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனதும் ‘இரண்டு ஆண்டுகளாக ஸ்டீராய்டாக இருக்கக்கூடிய மாத்திரை சாப்பிடுகிறாள்’ என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டால் அங்குள்ளவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியைத் தாமதிக்க மாட்டார்கள். உங்களுக்குப் பேச முடியாமல் போகலாம் என்பதால், இந்த ஒரு வரியை உங்கள் வீட்டுக்காரரிடம் இன்றே சொல்லிவையுங்கள்.