இரண்டு ஆண்டில் பத்து சென்டிமீட்டர் நகர்ந்த அளவைக் குறி

கேள்வி: உத்தராகண்டில் ஒரு சாலைத் திட்டத்தில் நில அளவையாளராக வேலை பார்க்கிறேன். ரிஷிகேஷுக்குச் சற்று மேலே பாறையில் பதித்த பித்தளைக் குறி ஒன்றின் மேல், செயற்கைக்கோள் அலைகளைக் கொண்டு இடத்தை அளக்கும் இரட்டை அலைவரிசை ஜி.என்.எஸ்.எஸ். கருவியை எட்டு மணி நேரம் ஓடவிட்டு, பதிவை இலவச இணையச் சேவை ஒன்றுக்கு அனுப்பி ஆயத்தொலைவுகளைப் பெற்றேன். சரியாக இரண்டு ஆண்டு கழித்து அதே குறி, அதே கருவி; ஆனால் விடை வடக்கே 6.7 சென்டிமீட்டரும் கிழக்கே 7.1 சென்டிமீட்டரும் தள்ளி வந்திருக்கிறது. கருவி பழுதா? அல்லது இது நிலநடுக்கத்துக்கு முன்னறிகுறியா? இதே கருவியை வைத்து இமயமலையின் நகர்வை நானே அளக்க முடியுமா?

பதில்: கருவி பழுதில்லை, முன்னறிகுறியும் இல்லை. இந்தியா அமர்ந்திருக்கும் புவியோட்டுப் பாளமான இந்தியத் தட்டு முழுவதும் வடகிழக்கு நோக்கி ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதைத்தான் உங்கள் கருவி அளந்து கொடுத்திருக்கிறது. இணையச் சேவைகள் தரும் விடை ஐ.டி.ஆர்.எஃப். என்ற உலகளாவிய சட்டகத்தில், அதாவது இடங்களைக் குறிக்கும் ஆயத்தொலைவு அமைப்பில், நீங்கள் அளந்த நாளுக்கு உரியதாக இருக்கும். அந்தச் சட்டகம் எந்தக் கண்டத்தோடும் கட்டப்பட்டதல்ல, புவியின் நிறை மையத்தை நடுவாகக் கொண்டது. ஆகவே அதில் பார்த்தால் உங்கள் குறியும், பக்கத்து ஊர்க் கோயிலும், டெல்லியும் சேர்ந்தே நகர்கின்றன. உங்கள் இடத்தில் தட்டின் வேகம் வடக்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர், கிழக்கேயும் ஏறத்தாழ அவ்வளவே. இரண்டு ஆண்டுக்குக் கணக்கிட்டால் இரு திசையிலும் 7 சென்டிமீட்டர் வரவேண்டும். உங்கள் அளவில் வடக்கே 3 மில்லிமீட்டர் குறைகிறது. அந்த மிச்சத்துக்கு இப்போதே பொருள் தேடவேண்டாம், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நிலநடுக்க ஆய்வுக்கு வேண்டியது இந்தப் பொது ஓட்டம் அல்ல, இரண்டு இடங்களின் ஓட்டத்துக்கு இடையிலான வேறுபாடு. பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஜி.என்.எஸ்.எஸ். நிலையம் வடக்கே ஆண்டுக்குச் சுமார் 35 மில்லிமீட்டர் போகிறது. இமயத்துக்கு அப்பால் திபெத்தின் லாசாவில் உள்ள நிலையமோ வடக்கே சுமார் 15 மில்லிமீட்டர்தான் போகிறது. பின்னால் வருபவர் முன்னால் போகிறவரைவிட வேகமாக வந்தால் நடுவில் நெருக்கடிதானே? இந்த 20 மில்லிமீட்டரில் பெரும்பகுதியை இமயமலை வாங்கிக்கொள்கிறது. மலையின் அடியில் வடக்கு நோக்கிச் சரிந்து கிடக்கும் பெரும் பிளவுத்தளம், மேல்பகுதியில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு இறுகப் பூட்டிக்கொண்டிருக்கிறது; வந்து சேரும் நகர்வெல்லாம் வில்லை வளைப்பது போலப் பாறையை வளைத்துச் சேமிக்கப்படுகிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது அந்த வில்லின் ஒரு பகுதி விடுபட்டது. காத்மாண்டுவை ஒட்டிய நிலையங்கள் வினாடிக்கு ஐந்து முறை பதிவு செய்துகொண்டிருந்ததால், நிலம் சில வினாடிகளில் ஒரு மீட்டருக்கும் மேல் தெற்கே பாய்ந்ததை அப்படியே வரைந்து வைத்திருக்கின்றன.

கைப்பேசியில் ஐந்து மீட்டர் பிழை காட்டும் அதே செயற்கைக்கோள்கள் இங்கே எப்படி மில்லிமீட்டர் சொல்கின்றன என்ற ஐயம் உங்களுக்கும் எழலாம். கைப்பேசி பெரும்பாலும் அலையின் மேல் ஏற்றி அனுப்பப்படும் குறியீட்டை வைத்துத் தூரத்தைக் கணிக்கிறது. உங்கள் கருவி அந்தக் குறியீட்டைச் சுமந்து வரும் அலையையே அளக்கிறது. ஜி.பி.எஸ். முதல் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அதில் நூறில் ஒரு பங்கைப் பிரித்தறிய முடிந்தால் 2 மில்லிமீட்டர் கைக்கு வந்துவிடும். இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டு வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலம் ஏற்படுத்தும் தாமதத்தை நீக்குகிறோம். காற்றிலுள்ள ஈரம் அப்படி நீங்காது. அதைக் கணக்கிலேயே ஓர் அறியாத எண்ணாக வைத்துத் தீர்க்கவேண்டும். செயற்கைக்கோளின் பாதையையும் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். பன்னாட்டு ஜி.என்.எஸ்.எஸ். சேவையின் இறுதிப் பாதைக் கணிப்பு வெளியாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், அளந்த அன்றே பதிவை அனுப்பாமல் பொறுத்து அனுப்புங்கள்.

இனி, உங்கள் கருவியால் முடியுமா என்ற கேள்வி. கருவியால் முடியும், இரண்டே அளவீட்டால் முடியாது. எட்டு மணி நேரப் பதிவில் கிடைமட்டத்தில் சில மில்லிமீட்டர் பிழை இயல்பு, உயரத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. செயற்கைக்கோள்கள் தலைக்கு மேலே மட்டும் இருப்பதும் காலுக்குக் கீழே இல்லாததுமே அதற்கு முக்கியக் காரணம். மேலும் ரிஷிகேஷ் மலையின் வாசலில் இருப்பதால் இந்தியத் தட்டோடு ஏறத்தாழ முழுதாகவே நகர்கிறது. வேறுபாடு வடக்கே உயர்மலைக்குள் போகப் போகத்தான் பெரிதாகும். ஆகவே அந்த 3 மில்லிமீட்டர் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒரே குறியை நம்பாமல், அடிவாரத்திலிருந்து உள்மலை வரை நாலைந்து குறிகளை ஒரே வரிசையில் அமைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில் அளந்தால், நாலைந்து ஆண்டில் பயனுள்ள வேகம் கிடைக்கும். அதே மாதம் என்று சொல்வதற்குக் காரணம் மழை. பருவமழை நீரின் எடையில் கங்கைச் சமவெளியும் மலையடிவாரமும் கீழிறங்கி, நீர் வடிந்ததும் மேலேறுகின்றன. நேபாளத்து நிலையங்களில் இது சென்டிமீட்டர் அளவுக்குத் தெரிகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் நிலையத்திலேயே இந்த ஏற்ற இறக்கத்தைப் பிரித்தெடுக்கக் குறைந்தது இரண்டரை ஆண்டுப் பதிவு வேண்டும்.

ஆனால் பெரும்பாலான தவறுகள் வானத்தில் நடப்பதில்லை, முக்காலியின் அடியில் நடக்கின்றன. ஆன்டெனா உயரத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும், முக்காலியின் மூன்று பக்கமும் அளந்து எழுதுங்கள். சாய்வு உயரமா நேர் உயரமா என்பதையும் குறியுங்கள். ஆன்டெனாவின் அம்புக்குறி ஒவ்வொரு முறையும் வடக்கையே பார்க்கட்டும். ஒருமுறை ஒரு மலை நிலையத்தின் வரைபடத்தில் நிலம் ஒரே நாளில் 14 மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதாகத் தெரிந்தது. உடனிருந்த மாணவர்கள் கட்டுரைக்குத் தலைப்பே யோசித்துவிட்டார்கள். பதிவேட்டைப் புரட்டினால், முந்தின நாள் மாலை ஆன்டெனாவின் மூடியை யாரோ மாற்றியிருந்தார்கள்.

உங்கள் பகுதியில் இன்னொரு சிக்கல் சரிவு. 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையிலான பன்னிரண்டு நாளில் ஜோஷிமட் நகரின் ஒரு பகுதி 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததை இஸ்ரோவின் செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. அது தட்டின் நகர்வு அல்ல, மலைச்சரிவின் தளர்ந்த மண் இறங்கியது. எனவே உங்கள் பித்தளைக் குறி நிற்பது தாய்ப்பாறையா, உருண்டு வந்து மண்ணில் புதைந்த பெருங்கல்லா என்பதைச் சுற்றிலும் தோண்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

நிலநடுக்கம் எப்போது என்பதை இந்த அளவீடுகள் சொல்லா. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும்: ஆண்டுக்கு 18 மில்லிமீட்டர் பூட்டிக்கிடந்தால் நூறு ஆண்டில் 1.8 மீட்டர். கட்டட விதிகளுக்கும் பாலங்களின் வடிவமைப்புக்கும் இந்தக் கணக்கு உதவுகிறது.

சாலைத் திட்டத்துக்கு உங்களுக்கு வேண்டியது இன்னும் எளிது. திட்டம் தொடங்கிய நாள் ஒன்றைக் குறிப்பு நாளாக வைத்துக்கொண்டு, அதன் பின் எடுத்த எல்லா ஆயத்தொலைவுகளிலிருந்தும் தட்டு அதற்குள் நகர்ந்த தொலைவைக் கழித்து அந்த நாளுக்குக் கொண்டுவாருங்கள். அல்லது உங்கள் முதன்மைக் குறியையே நிலையானதாகக் கொண்டு மற்றவற்றை அதிலிருந்து அளந்துகொள்ளுங்கள். எந்த வழியானாலும், வரைபடத்தின் மூலையில் சட்டகத்தின் பெயரையும் அந்தக் குறிப்பு நாளையும் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் அளவையாளரும் கருவியைப் பழுதுபார்க்கத்தான் அனுப்புவார்.