வளாகத்து மான்களை வலை போட்டுப் பிடிக்கலாமா?

வணக்கம். உங்கள் குடியிருப்புச் சங்கம் வளாகத்தில் திரியும் புள்ளிமான்களை ஆள் வைத்து வலைபோட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றிப் பக்கத்துக் காட்டில் விடப்போகிறது, மானுக்கு ஏதும் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். பிடிக்கும்போது பிழைத்த மான்கூட அப்புறம் சாகலாம்.

கேப்சர் மயோபதி என்று இதற்குப் பெயர். துரத்தத் துரத்த, பயத்திலும் ஓட்டத்திலும் உடல் சூடு ஏறும், லாக்டிக் அமிலம் சேரும், தசை சிதையும். சிதைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கால் விறைத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போக ஆரம்பித்தால் காப்பாற்றுவது கடினம். சில மான்கள் அன்றே விழும். சில, விட்ட இடத்தில் பல நாள் கழித்து, யார் கண்ணிலும் படாமல். "எல்லாம் நல்லபடியா விட்டாச்சு" என்ற பேச்சை அதனால்தான் நான் நம்புவதில்லை.

மயக்க ஊசியும் லேசான வேலை இல்லை. அசைபோடும் விலங்கு என்பதால் மயங்கிப் படுத்தால் வயிறு உப்பும்; இரைப்பையில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும். அதனால் வனத்துறையினர் பல இடங்களில் 'போமா' என்ற அடைப்பு கட்டுகிறார்கள்: புனல் வடிவில் மறைப்பு, உள்ளே தீவனம், பழகியபின் கை படாமலே வண்டியில் ஏற்றுவது.

காசநோய், கோமாரி, உண்ணி எல்லாம் மானோடு புது இடத்துக்குப் போகும், அது வேறு.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் பிடிப்பதே குற்றம். முதலில் வனச்சரகருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். அதுவரை குப்பைத் தொட்டிகளை மூடி வையுங்கள், நாய்களை அவிழ்த்து விடாதீர்கள்.