ஆப்பிள் மொதமொத சொந்த சிப் போட்டு விட்ட மேக்புக் ஏர் வாங்குனவங்க ஏமாந்தாங்களா? இப்போ அதை செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா?

கேள்விக்குக் கீழ "மொத மாடல வாங்குறவன் ஏமாளின்னு சொல்றாங்களே"ன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அதே வார்த்தைய 2021 பிப்ரவரில என் மச்சான் என் வீட்டுலயே உக்காந்து, என் வீட்டு சாம்பார ஊத்திக்கிட்டே என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. அதனாலதான் வழக்கமா படிச்சிட்டு மட்டும் போறவன் இன்னிக்கு எழுத உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்லயே சொல்லிடுறேன், நான் ஆப்பிள் பக்தன் கிடையாது. என் பையில இருக்குறது 14 ஆயிரம் ரூபா ஆண்ட்ராய்டு போன். மதுரை செல்லூர்ல ஒரு சின்ன ரூம்ல கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைனிங், இதான் பொழப்பு. கோடிங், ஏஐ, கேமிங் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, அதையெல்லாம் வச்சு கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. நீங்களும் அனேகமா புதுசா எடிட்டிங் இறங்குறவர், கைல 40 ஆயிரம் வச்சிருக்கீங்க, வீட்ல "அந்தக் காசுக்கு புதுசாவே ஒரு லேப்டாப் வருமேடா"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க, அப்படித்தானே?

2020 நவம்பர் 10ஆம் தேதி ஆப்பிள்காரன் எம்1னு ஒரு சிப்ப அறிவிச்சான். 2006லேர்ந்து மேக் எல்லாத்துலயும் இன்டெல் சிப்தான் இருந்துச்சு, அதை விட்டுட்டு தானே டிசைன் பண்ண சிப். தைவான்ல டிஎஸ்எம்சி கம்பெனி செஞ்சு குடுக்குது, 5 நானோமீட்டர், உள்ள 1600 கோடி டிரான்சிஸ்டர், பழைய ஏர விட மூணரை மடங்கு வரைக்கும் வேகம்னு சொன்னாங்க. எங்க எடிட்டர்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல அன்னிக்கு ராத்திரி ஒரே கூத்து. "ஐபோன் சிப்ப எடுத்து பெரிய டப்பால போட்டு 93 ஆயிரம்ங்குறான்"னு ஒருத்தர். "ஏர்ல ஃபேனே இல்லயாம்ல, சித்திரை மாசம் மதுரைல வச்சுப் பாரு, மேல தோசை ஊத்தலாம்"னு இன்னொருத்தர். மூணாவதா ஒரு அண்ணன் மட்டும் "எடியஸ் ஓடுமா?"ன்னு கேட்டாரு. எடியஸ்ங்குறது நாங்க விண்டோஸ்ல கல்யாண வீடியோ வெட்டுற சாஃப்ட்வேர். அன்னிக்கு கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான், அதுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லல.

எங்க ஆளுங்க சந்தேகப்பட்டதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன். 2012ல மைக்ரோசாஃப்ட் இதே மாதிரி போன் வகை சிப் போட்டு சர்ஃபேஸ் ஆர்டின்னு ஒண்ணு விட்டாங்க. பழைய விண்டோஸ் சாஃப்ட்வேர் எதுவும் அதுல ஏறாது. சீந்துவாரில்லாம கிடந்து அடுத்த வருஷம் 90 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதுனாங்க. அதைப் பாத்தவங்க பயப்படத்தானே செய்வாங்க.

அப்புறம் நான் ஏன் வாங்குனேன்? வேகம்னு யூட்யூப்ல கத்துனாங்களே அதுக்காக இல்ல. எங்களோட சேந்து வேல பாக்குற, கேண்டிட் வீடியோ எடுக்குற தம்பி அந்த சமயம்தான் சோனி ஏ7எஸ்3 கேமரா வாங்குனான், 10 பிட் 4:2:2ல (நிறத் தகவல் நிறைய இருக்குற, கம்ப்யூட்டருக்குக் கனமான வீடியோ) ஷூட் பண்ணி கொண்டு வந்து கொட்டுவான். என் ஐ7 டெஸ்க்டாப்ல அந்த க்ளிப்ப டைம்லைன்ல போட்டா படம் நிக்கும், ஆடியோ மட்டும் ஓடும். மாப்பிள்ளை தாலி கட்டுறதுக்குள்ள தவில்காரர் கெட்டிமேளம் அடிச்சு முடிச்சிருவாரு. ராத்திரி பூரா ப்ராக்ஸி (எடிட் பண்றதுக்கு லேசான நகல்) போட்டுட்டு காலைல எந்திரிச்சுதான் வேலையே ஆரம்பிக்கணும். எம்1ல அந்த மாதிரி க்ளிப்ப பிரிச்சுப் படமா காட்டுறதுக்குன்னே (டீகோட்) சிப்புக்குள்ள தனியா ஒரு பகுதி இருக்கு, மெமரியையும் ப்ராசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே இடத்துலேர்ந்து பங்கு போட்டுக்குது, அங்கிட்டு இங்கிட்டு காப்பி எடுத்துக்கிட்டு இருக்க வேண்டாம். ஒரு நண்பரோட எம்1 மேக் மினில என் க்ளிப்பையே போட்டுப் பாத்தேன். இழுத்தா வந்துச்சு, அவ்வளவுதான் சொல்ல முடியும். அடுத்த வாரம் 92,900 ரூபா, கார்டுல 12 மாச இஎம்ஐ.

16 ஜிபி மெமரி வேணும்னா இன்னும் 20 ஆயிரம், அதுவும் ஆர்டர் போட்டு காத்திருக்கணும்னாங்க. 8 ஜிபியே எடுத்தேன். இதுல நான் பண்ண ஒரே கஞ்சத்தனம் இதுதான், இன்னிக்கு வரைக்கும் அனுபவிக்கிறேன்.

டப்பாவ பிரிச்சதும் மச்சான் கேட்ட மொத கேள்வி, "பழசு மாதிரியே இருக்கே, புதுசுதானா?" அவர் கேட்டதும் நியாயந்தான், எட்டு மாசம் முன்னாடி வந்த இன்டெல் ஏருக்கும் இதுக்கும் வெளிய வித்தியாசமே தெரியாது. அதே 720பி கேமரா, இடது பக்கம் அதே ரெண்டு ஓட்ட (யூஎஸ்பி-சி போர்ட்). கார்டு ரீடர் கிடையாது. 93 ஆயிரம் குடுத்துட்டு நான் கார்டு, மானிட்டர் எல்லாம் மாட்டுற ஹப் தேடி அலைஞ்சேன். கடைக்காரர் ஒருத்தர் "ரெண்டு மானிட்டரு மாட்டலாம் சார்"னு 4 ஆயிரத்துக்கு ஒரு ஹப்ப தலைல கட்டுனாரு. மாட்டுனா ரெண்டுலயும் ஒரே படம். எம்1 ஏர் வெளிய ஒரே ஒரு மானிட்டருக்குத்தான் சப்போர்ட், அது அவருக்கும் தெரியல, வாங்குற அவசரத்துல நானும் பாக்கல. திருப்பிக் குடுக்கப் போனா "கவர் கிழிஞ்சிருச்சே சார்"ங்குறாரு. கவரைக் கிழிக்காம எப்படிய்யா மாட்டிப் பாக்குறது?

சரி, நல்லதையும் சொல்லணும்ல. மாசி மாசம் திருமங்கலத்துல ஒரு கல்யாணம், காலைல முகூர்த்தம், சாயங்காலம் மதுரைல ரிசப்ஷன். காலைல நடந்தத 4 நிமிஷ ஹைலைட்டா வெட்டி ரிசப்ஷன்ல எல்இடி வால்ல போடணும், சேம் டே எடிட்டும்பாங்க. அதுக்கு முன்னாடியெல்லாம் இந்த ஆர்டர் வந்தாலே எனக்கு வயித்தக் கலக்கும், தாலி கட்டுனதும் கார்டப் புடுங்கிக்கிட்டு பைக்ல வீட்டுக்கு ஓடணும். அன்னிக்கு பந்தி நடக்குற ஹால்லயே மூலைல ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்தேன். மண்டபத்துல கரண்டு போயி, ஜெனரேட்டர் ஆள் டீ குடிக்கப் போயிட்டாரு, சமையக்கட்டுலேர்ந்து "ரசம் எங்கப்பா"ன்னு சத்தம், நான் பாட்டுக்கு வெட்டிக்கிட்டு இருக்கேன். மிச்சத்த வேன்ல மடில வச்சு முடிச்சேன். ரிசப்ஷன் மண்டபத்துல எல்இடி ஆள்கிட்ட பென்டிரைவ குடுக்குறப்போ பேட்டரி 61 காமிச்சுது. பொண்ணோட தாய்மாமா அழுதுட்டாரு, அது என் எடிட்டிங்குக்கா தங்கச்சி மக போற துக்கத்துக்கான்னு தெரியாது, நான் எனக்குன்னே எடுத்துக்கிட்டேன்.

அடுத்த வாரமே வாங்குனேன் செருப்படி.

எங்க தொழில்ல தமிழ் டைட்டில் எல்லாம் பாமினிங்குற பழைய வகை எழுத்துருதான், என்ஹெச்எம் ரைட்டர்ங்குற தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர்ல அடிச்சுப் பழகுனவங்க. அந்த சாஃப்ட்வேர் விண்டோஸுக்கு மட்டும். எடியஸும் அப்படித்தான், அந்த அண்ணன் குரூப்ல கேட்டாரே, ஓடவே ஓடாது. பழைய ப்ராஜெக்ட் ஒண்ணும் மேக்ல திறக்காது, நான் ஆப்பிளோட எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃபைனல் கட் புதுசா கத்துக்கிட்டேன். ஆல்பம் மட்டும் ஃபோட்டோஷாப்புல. மேக்ல தமிழ் 99, அஞ்சல் ரெண்டு விசைப்பலகையும் கூடவே வருது, அதுல இருக்குற இணைமதி எழுத்துரு மலேசியாவுல முத்து நெடுமாறன் செஞ்சது, நம்ம ஆளு செஞ்சது ஆப்பிளுக்குள்ள இருக்கேன்னு எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமைல யுனிகோட்ல (இப்போ போன், நெட் எல்லாத்துலயும் இருக்குற பொதுவான எழுத்து முறை) அடிச்சு 40 பக்க கரிஷ்மா (டிசைன் பண்ணி அச்சடிக்கிற) ஆல்பத்த பிரிண்டுக்கு அனுப்பிட்டேன். பொண்ணு பேரு தேவி. அப்போ இருந்த ஃபோட்டோஷாப்புல தெற்காசிய எழுத்துக்குன்னு ஒரு செட்டிங்க மாத்தலேன்னா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போயி உக்காந்துக்கும், எனக்கு அது தெரியாது. "த"க்கு அப்புறம் ரெட்டைக்கொம்பு அனாதையா நிக்குது, அட்டைலயே, தங்கக் கலர் எழுத்துல. பொண்ணோட அப்பா தமிழ் வாத்தியாரு வேற. ஒண்ணும் திட்டல, கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தாரு, அது போதாதா? அட்டையும் எட்டு ஷீட்டும் என் காசுல மறு பிரிண்ட்.

இது சிப்போட தப்பான்னு கேப்பீங்க. இல்லதான். விண்டோஸ்லயும் யுனிகோட்ல அடிச்சா இதே கதிதான், பாமினில அடிச்ச வரைக்கும் தப்பிச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா காசு குடுத்து வாங்குறவன் சிப்ப தனியா வாங்குறதில்லயே. சிப் மாறுனா சாஃப்ட்வேர் மாறும், சாஃப்ட்வேர் மாறுனா பத்து வருஷமா கை பழகுன பழக்கம் மாறும், அந்தக் கணக்க எந்த ரிவ்யூல எவன் சொன்னான்? எல்லாரும் வேகம் அளக்குற பெஞ்ச்மார்க் நம்பரக் காட்டி வாயப் பொளந்தாங்க, தேவிக்கு கொம்பு ஒழுங்கா வருமான்னு ஒருத்தரும் போட்டுப் பாக்கல.

அதே பிப்ரவரில இன்னொரு பீதி. 8 ஜிபி மெஷின்ல மெமரி பத்தாம, ஃபைல் எல்லாம் சேமிக்கிற எஸ்எஸ்டிலயே எழுதி எழுதி அழிக்குது, சீக்கிரமே தேஞ்சு போயிடும்னு நிறைய பேர் அவங்கவங்க மெஷினோட கணக்கெடுத்துப் போட ஆரம்பிச்சாங்க. எஸ்எஸ்டி போர்டோட ஒட்டுனது, மாத்த முடியாது. மொத இஎம்ஐ கூட கட்டல அப்போ நான். தினமும் சாமி கும்பிட்டுட்டு டெர்மினலத் (கமாண்ட் அடிக்கிற விண்டோ) திறந்து எத்தன சதவீதம் தேஞ்சிருக்குன்னு பாப்பேன், பொண்டாட்டி "அதுக்கு என்ன சுகரா பாக்குறீங்க"ன்னு கேட்டா. இத்தன வருஷம் கழிச்சு என் மெஷின்ல 9 காமிக்குது. என்னோடத மட்டுந்தான் சொல்றேன்.

தோசை ஊத்துற விஷயம்: ஊத்த முடியாது, ஆனா அக்னி நட்சத்திரத்துல 4கே எக்ஸ்போர்ட் போட்டா பத்து நிமிஷத்துல சூடேறி தானா வேகத்தக் குறைச்சுக்கும். சின்னச் சின்னதா வெட்டுறப்போ தெரியாது, ரெண்டு மணி நேர முழு வீடியோ எடுக்குறப்போ நல்லாவே தெரியும். நான் அடியில எவர்சில்வர் தாம்பாளம் ஒண்ணக் கவுத்து வச்சு மேல ஃபேன ஓட விடுவேன். சிரிக்காதீங்க, வெளிநாட்டுல ஆளுங்க பின்பக்கத்தக் கழட்டி சூட்டக் கடத்துற தெர்மல் பேடே ஒட்டுறாங்க.

மே மாசம் ஊரடங்கு போட்டாங்க, கல்யாணம் எல்லாம் வீட்டுக்குள்ள, வீடியோவுக்கு ஆர்டரே இல்ல, இஎம்ஐ மட்டும் தேதி தவறாம வந்துச்சு. அப்போ முன்னாடி முடிச்சுக் குடுத்த ஏழு பேர்கிட்ட பாக்கி கேட்டேன், சார். ரெண்டு பேர் குடுத்தாங்க. ஒருத்தர் "ஆல்பத்த நீங்களே வச்சுக்கங்க, பென்டிரைவ்ல இருக்குறது போதும்"ங்குறாரு. உங்க மக கல்யாண ஆல்பத்த நான் வச்சு என்ன சார் பண்ண? மண்டபத்துக்கு, சமையலுக்கு, மேக்கப்புக்கு எல்லாம் முன்பணமா முழுசா குடுக்குறவங்க ஃபோட்டோக்காரனுக்கு மட்டும் ஏன் பாதி குடுத்துட்டு மறந்து போறாங்க? அந்த ஆல்பம் இன்னும் என் ஷெல்ஃபுலதான் இருக்கு. அவங்களுக்கு ரெண்டு புள்ளையும் பொறந்தாச்சு. கேள்விக்கு சம்பந்தமில்லதான், எழுதிட்டேன், அழிக்க மனசு வரல.

மச்சான் கதைக்கு வர்றேன். நான் எம்1 வாங்குன அதே மாசம், மொத மாடல தொடாத, செட் ஆன மாடல வாங்குன்னு சொல்லி அவர் ஃப்ரெண்டுக்கு அந்த இன்டெல் ஏர தள்ளுபடில வாங்கிக் குடுத்தாரு. பத்தாயிரம் மிச்சம். 2025ல வந்த டஹோங்குற மேக் ஓஎஸ் அந்த இன்டெல் ஏர்ல ஏறாது, எம்1ல ஏறுது. இன்டெல் மேக்குல எதுக்குமே அதுதான் கடைசி, அடுத்தது கிடையாதுன்னும் சொல்லிட்டாங்க. மச்சான்கிட்ட இதை நான் சொல்லல. என் பொண்டாட்டி சொல்லிட்டா.

சரி, உங்களுக்கு. 40 ஆயிரத்துக்கு 8 ஜிபி எம்1ன்னு யாராவது சொன்னா பேரம் பேசுங்க, ஆப்பிளே 2024 அக்டோபர்லேர்ந்து ஏர்ல 16க்கு கீழ விக்கிறதில்ல. 16 ஜிபி எம்1 கிடைச்சா யோசிக்காம எடுங்க. எடியஸ நம்பிப் பொழக்குறவர்னா, இல்ல கூட்டாளி எல்லாம் எடியஸ்ல ப்ராஜெக்ட் அனுப்புறாங்கன்னா இந்தப் பக்கமே வராதீங்க. பாக்கப் போறப்போ பேட்டரி சைக்கிள் (எத்தன தடவ முழுசா சார்ஜ் தீந்திருக்குங்குற கணக்கு) எத்தனன்னு பாருங்க, ரெண்டு ஓட்டயிலயும் சார்ஜர சொருகிப் பாருங்க, விக்கிறவர உங்க கண்ணு முன்னாடியே அவர் ஆப்பிள் ஐடிய சைன் அவுட் பண்ணி மெஷின அழிச்சுக் குடுக்கச் சொல்லுங்க, "வீட்டுக்குப் போயி பாஸ்வேர்டு அனுப்புறேன்"னா காசக் குடுக்காம எந்திரிச்சு வந்துருங்க. அப்புறம் பழைய ஃபோட்டோஷாப்பா இருந்தா அந்த செட்டிங், ப்ரெஃபரன்ஸ்ல டைப் பக்கத்துல இருக்கும், ஆல்பம் பிரிண்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி மாத்திருங்க.