நோட்டு எண்ணிலிருந்து அதிர்வெண்: கேள்வி பதில்

கேள்வி: பியானோவின் 88 கட்டைகளுக்கும் அதிர்வெண்களை அட்டவணையாக வைத்திருக்கிறேன். ஒரே ஒரு ஃபார்முலா போதும் என்கிறார்களே?

பதில்: போதும்.

அதிர்வெண் = 440 × 2^((எண் − 69) / 12)

எண் என்பது மிடி எண், அதாவது மின்னணு இசைக்கருவிகள் ஒவ்வொரு நோட்டுக்கும் தரும் வரிசை எண். ஒரு ஸ்தாயி மேலே போனால் அதிர்வெண் இரட்டிக்கிறது. அந்த இரட்டிப்பைச் சம விகிதத்தில் 12 படிகளாகப் பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 69 என்பது 'ஏ4'. அதற்கு 440 ஹெர்ட்ஸ் என்று ஐஎஸ்ஓ 16 என்ற சர்வதேசத் தரம் சொல்கிறது. நடு 'சி'க்கு 60 கொடுத்தால் 261.63 வர வேண்டும். அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நிரலைச் சரிபார்க்க உதவும்.

கேள்வி: அதையே ஜாவாஸ்கிரிப்டில் அப்படியே எழுதினேன். 69 கொடுத்தால் 880 வருகிறது, 81 கொடுத்தால் 881!

பதில்: அந்த 881-ஐப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஜாவாஸ்கிரிப்டில் ^ என்பது அடுக்கு இல்லை, பிட்டுகளை ஒப்பிடும் எக்ஸ்-ஆர். பெருக்கல் முதலில் நடந்து 880 ஆகிறது, அப்புறம் 880-க்கும் 1-க்கும் எக்ஸ்-ஆர் போட்டு 881. ^ இருக்கும் இடத்தில் ** போடுங்கள்.

கேள்வி: நான் சி மொழியில் பவர் ஃபங்ஷன்தான் பயன்படுத்துகிறேன். ஆனாலும் பக்கத்துப் பக்கத்து நோட்டெல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கிறது.

பதில்: 58 முதல் 80 வரை எல்லாமே 440 தானே? முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி மொழி தசமத்தை வெட்டிவிடும். 12-க்குப் பதில் 12.0 என்று எழுதுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் அடுக்குக் கணக்கு எதற்கு? முந்தைய நோட்டை 1.06-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் ஆகாதா?

பதில்: 440-இல் தொடங்கி 12 முறை பெருக்கிப் பாருங்கள். 880-க்குப் பதில் 885.4 வரும், ஏறக்குறைய 10 சென்ட் கூடுதல். ஒரு அரைச்சுரம், அதாவது பக்கத்துப் பக்கத்து நோட்டுகளின் இடைவெளி, 100 சென்ட். இரண்டு ஸ்தாயி போனால் பிசகு இரட்டிக்கும். சரியான விகிதம் 1.059463... என்று முடிவில்லாமல் போகும். நோட்டு எண்ணிலிருந்து நேராகக் கணக்கிட்டால் பிழை சேராது. கணினிக்கு இது ஒரு வேலையே இல்லை.

கேள்வி: ஃபார்முலா சரி, எண்களும் சரி. ஆனால் 'சி'யையும் 'இ'யையும் சேர்த்து நீட்டி ஒலிக்கவிட்டால் ஒரு நடுக்கம் கேட்கிறது. என் நிரலில் பிழையா?

பதில்: இல்லை, உங்கள் காது நன்றாக இருக்கிறது. இயல்பாக இசைந்து ஒலிக்க அந்த இரண்டும் 5/4 விகிதத்தில் இருக்க வேண்டும், அதாவது 386 சென்ட். சமப் பிரிப்பு கொடுப்பது 400. 'சி'யின் 5-ஆம் ஹார்மோனிக் (அதன் அதிர்வெண்ணின் 5 மடங்கில் கூடவே ஒலிப்பது) 1308.1, 'இ'யின் 4-ஆம் ஹார்மோனிக் 1318.5. இரண்டும் மோதி நொடிக்குப் பத்துத் துடிப்பு எழுகிறது, அதைத்தான் கேட்கிறீர்கள். 'சி'-'ஜி' ஜோடியில் நொடிக்கு ஒன்றுகூட இல்லை, அதனால் அது உறுத்தாது. ஆதார சுருதி மாறாமல் ஒலிக்கும் இசை என்றால் ஃபார்முலாவை விட்டுவிட்டு, ஆதாரத்தை 9/8, 5/4, 4/3, 3/2 என்று பெருக்குவதே எனக்குப் பிடித்த வழி. ஆனால் பாதியில் ஆதாரத்தை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டும். சமப் பிரிப்பில் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ட்யூனர் எழுதுகிறேன். மைக் 446 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. அது எந்த நோட்டு?

பதில்: கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 69 + 12 × லாக்2(446 / 440) = 69.234. முழுமையாக்கினால் 69; மிச்சத்தை 100-ஆல் பெருக்கினால் 23 சென்ட் தூக்கல். லாக்2 இல்லாத மொழியில் எந்த லாகையும் எடுத்து, அதே வகை லாக்(2)-ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நோட்டு மாறும்போதெல்லாம் 'டிக்' என்று சத்தம் வருகிறது.

பதில்: சைன்(2π × அதிர்வெண் × நேரம்) என்று எழுதியிருப்பீர்கள். அதிர்வெண் மாறும் கணத்தில் அலை சட்டென்று வேறு இடத்துக்குத் தாவுகிறது. கோணத்தை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாம்பிளுக்கும் 2π × அதிர்வெண் / 44100 மட்டும் கூட்டுங்கள் (44100 என்பது நொடிக்கு எத்தனை சாம்பிள் என்ற எண்). அலை விட்ட இடத்திலிருந்தே தொடரும்.