ஆகாஷ் டேப்லெட் துலியிடம் தருமபுரி பள்ளிகளுக்கு என்ன பாடம்?

வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலைப் பள்ளிகளுக்கு மலிவு டேப்லெட் சரிப்படுமா, மாணவர்களுக்கான ஆகாஷ் டேப்லெட்டைக் கொண்டுவந்த சுனீத் சிங் துலி ஏன் தடுமாறினார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

துலி அடிப்படையில் வாத்தியார் அல்ல, வியாபாரி. கனடாவில் அண்ணன் ராஜாவோடு பெரிய தாள்களுக்கான ஃபேக்ஸ் இயந்திரம் விற்றவர். அப்புறம் டேட்டாவிண்ட் நிறுவனம், அதன் பாக்கெட்சர்ஃபர் என்ற கையடக்க இணையக் கருவி. அவர்களுடைய உண்மையான சரக்கு, இணையப் பக்கத்தை சர்வரிலேயே சுருக்கி ஜிபிஆர்எஸ் என்ற பழைய, மெதுவான செல்போன் இணையத்தில் அனுப்பும் நுட்பம்தான். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் ஊருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஆனால் 2011 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஆகாஷில் வைஃபை மட்டும்தான். ஜிபிஆர்எஸ் இருந்தது, கடைக்கு வந்த அதன் விற்பனைப் பதிப்பான யுபிஸ்லேட் 7-இல், ரூ.2,999-க்கு. மலையில் வைஃபைக்கு எங்கே போவது?

கருவியும் சொதப்பல். 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர். விரல் பட்டால் போதாது, நகத்தால் அழுத்த வேண்டிய திரை. ஆண்ட்ராய்டு 2.2-இல் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. பாடம் இருக்கவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக நிற்கும். 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2-இல் திரையும் வேகமும் தேறின. அதற்குள் பேர் கெட்டுவிட்டது.

என்னைக் கேட்டால், விலையைப் பிறகு பாருங்கள். இணையம் இல்லாமல் தமிழ்ப் பாடம் ஓடுமா, ரிப்பேருக்குத் தருமபுரியிலேயே ஆள் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். சார்ஜ் போட வகுப்பில் எத்தனை பிளக் இருக்கிறது என்பதையும் எண்ணிவிடுங்கள்.